பாத்ரூம் டைல்ஸைப் பெயர்க்கலாம், அடியில் போகும் வெந்நீர்க் குழாயை உடைக்காமல்: முதல்முறை செய்பவருக்கு முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். இங்கேயும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்த வீடுகள் பெருகிவிட்டன. அந்த வெந்நீர் கீழே இறங்கி, பல வீடுகளில் பாத்ரூம் தரைக்கு அடியில் குறுக்கே ஓடித்தான் குழாய் முனைக்கு வருகிறது. கட்டும்போது யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. சில வருடம் கழித்து டைல்ஸ் ஆட்டம் கண்டு, மாற்றியே ஆக வேண்டும் என்று வரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. பிரேக்கர் மெஷினை ஊன்றினால் அரை மணி நேரத்தில் டைல்ஸ் எல்லாம் வந்துவிடும். ஆனால் அதே அரை மணியில் குழாயிலும் உளி இறங்கிவிடலாம். அன்றைக்கே தண்ணீர் பீய்ச்சினால் நல்லது. கீறல் மட்டும் விழுந்து, புது டைல்ஸ் போட்டு மூடின பிறகு சொட்டத் தொடங்கினால் செய்த செலவு மொத்தமும் வீண்.

டைல்ஸை எடுப்பது இந்த வேலையில் சின்னப் பங்குதான். அடியில் என்ன இருக்கிறது, எந்த வழியாகப் போகிறது, எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று முதல் அடி விழுவதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் முக்கால் வேலை. மேஸ்திரியை வைத்துச் செய்தாலும் சரி, நீங்களே இறங்கிச் செய்தாலும் சரி, இந்த வரிசை மாறக் கூடாது.

தரைக்கு அடியில் இருப்பவை

தரைத்தள வீட்டில் கீழே மண்ணோ எம்-சாண்டோ நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கியிருப்பார்கள். அதன்மேல் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஜல்லி கான்கிரீட், அதற்கு மேல் ஒன்றரை இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை, அதன்மேல் சிமெண்ட் பால் ஊற்றி டைல்ஸ். வெந்நீர்க் குழாய் பெரும்பாலும் அந்தக் கலவைக்குள்ளேயே படுத்திருக்கும். அதாவது டைல்ஸின் முதுகுக்கும் குழாய்க்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இல்லாத வீடுகள் உண்டு.

மாடி பாத்ரூம் வேறு மாதிரி. அங்கே கான்கிரீட் தளத்தையே முக்கால் அடி, ஓரடி பள்ளமாக இறக்கி, வாட்டர்ப்ரூஃப் பூசி, கழிவுக் குழாய்களைப் போட்டு, செங்கல் ஜல்லியால் நிரப்பி மேலே கலவை விரித்திருப்பார்கள். இங்கே குழாய் மட்டுமல்ல, அந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சும் காப்பாற்றப்பட வேண்டியது. அது கிழிந்தால் கீழ் அறை மேற்கூரையில் கறை படியும்.

பழைய வீடுகளில் இரும்பு ஜிஐ குழாய் இருக்கும். அது ஒரு சுத்தியலடியைத் தாங்கும். இப்போது வெந்நீருக்குப் போடுவது சிபிவிசி. மங்கிய மஞ்சள் நிறத்தில், முக்கால் அல்லது அரை அங்குல அளவில் இருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும், துருப்பிடிக்காது. ஆனால் உளி முனைக்கு முன்னால் நிற்காது. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த குழாய் இன்னும் எளிதாக விரிசல் விடும்.

குழாயின் பாதையைக் கண்டுபிடித்தல்

வீடு கட்டும்போது பிளம்பிங் முடிந்த கையோடு எடுத்த போட்டோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் செல்லில் இல்லாவிட்டாலும் மச்சான் செல்லிலோ, வேலை பார்த்த பிளம்பரிடமோ இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். வீடு கட்டின பிளம்பர் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் நேரில் வந்தே காட்டுவார்.

போட்டோ இல்லையென்றால் புள்ளிகளிலிருந்து தொடங்குங்கள். மாடியிலிருந்து வெந்நீர்க் குழாய் எந்தச் சுவரில் இறங்குகிறது? குளிக்கும் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது? இரண்டும் ஒரே சுவர் என்றால் குழாய் தரைக்கே வராமல் சுவருக்குள்ளேயே போயிருக்க வாய்ப்பு அதிகம். எதிரெதிர்ச் சுவர் என்றாலோ, பாத்ரூமைத் தாண்டிச் சமையலறை சிங்க்குக்கும் வெந்நீர் போகிறது என்றாலோ தரைவழியாகப் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கனத்துக்காகக் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாகப் போட்டிருப்பதும் உண்டு. ஆகவே சுவரோரமாகத்தான் போகும் என்று நம்பிவிடாதீர்கள்.

இனி செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு செலவில்லை. விடியற்காலையில், தரை நன்றாகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் பாத்ரூம் தரையைத் துடைத்துக் காய விடுங்கள். சோலாரில் முந்தைய நாள் வெயிலின் வெந்நீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீசரைப் போட்டுக்கொள்ளுங்கள். குழாய் முனையில் ஒரு ஹோஸை மாட்டி, தண்ணீர் தரையில் விழாதபடி வெளியில் ஓர் அண்டாவிலோ டிரம்மிலோ பிடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீர் தொடர்ந்து ஓடட்டும். பிறகு உள்ளங்கையைத் தரையில் வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். குழாய்க்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு இளஞ்சூடு தெரியும். அந்தப் பட்டையின் நடுக்கோடுதான் குழாய். உள்ளங்கைக்குத் தெரியாதது சில சமயம் வெறுங்காலுக்குத் தெரியும். வெப்பம் காட்டும் கேமரா யாரிடமாவது கிடைத்தால் பாதை இன்னும் துல்லியமாகத் தெரியும். சூடு எங்கேயுமே தெரியவில்லை என்றால் குழாய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஆழமாகப் போயிருக்கலாம். ஆறின தண்ணீரைத் தொட்டிக்குத் தூக்கி ஊற்றிவிடலாம்.

கண்டுபிடித்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு அங்குலம் தள்ளி மார்க்கரால் கோடு போடுங்கள். இங்கே பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு: கோடு போட்ட டைல்ஸைத்தானே பெயர்க்கப் போகிறோம்? டைல்ஸ் போனதும் கோடும் போய்விடும். அதனால் கோடு இரு முனையிலும் சுவரைத் தொடும் இடத்தில் சுவர்மீதும் குறியுங்கள். மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று ஒரு தாளில் எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் இரண்டு குறிக்கும் நடுவே நூல் கட்டிக் குழாய் இருக்கும் இடத்தைப் பார்க்கலாம்.

கரண்டையும் தண்ணீரையும் கட்டுதல்

பாத்ரூமுக்கும் கீசருக்கும் போகும் எம்சிபியை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் கட்டாயம் அணைக்க வேண்டும். மெயினை இறக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். மெஷினுக்கு வேண்டிய கரண்டை வேறு அறையிலிருந்து எடுங்கள். அந்த லைனில் ஆர்சிசிபி இருப்பது நல்லது. ஈரத் தரையில் மெஷின் வயர் கிடக்கக் கூடாது.

தண்ணீர்ப் பக்கம், தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடினால் மட்டும் போதாது. பிளம்பரிடம் டெஸ்டிங் பம்ப் இருக்கும்: கையால் அடிப்பது, முள் காட்டும் கேஜ் வைத்தது. அந்த லைனை மட்டும் தனியாக அடைத்து, பச்சைத் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று கிலோ அழுத்தத்துக்கு ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். மாடித் தொட்டியால் வரும் அழுத்தம் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான். ஒரு மாடி வீட்டில் அதற்கும் குறைவுதான். ஆக இந்தச் சோதனையே போதுமானது. பழைய லைனில் இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். முள் முதலிலேயே இறங்குகிறது என்றால் குழாய் ஏற்கெனவே ஒழுகுகிறது. டைல்ஸ் ஆடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் குழாயையே மாற்றப் போகிறோம் என்பதால் வேலையின் போக்கே மாறிவிடும்.

முள் நின்றால் கேஜைக் கழற்றாதீர்கள். வேலை முடியும்வரை அது மாட்டியபடியே இருக்கட்டும். எந்த அடியில் முள் சரிந்ததோ அந்த இடத்தில் காயம். தேடி அலைய வேண்டாம்.

கடைசியாக, தரைத் தண்ணீர் வடியும் நானி டிராப்பிலும் கழிவறைக் கோப்பையிலும் பழைய துணியைத் திணித்து மேலே சாக்கு போட்டு மூடுங்கள். கலவைத் துண்டு உள்ளே விழுந்தால் அடைப்பு எடுப்பது தனி வேலையாகிவிடும்.

எப்படி ஒட்டியிருக்கிறது என்று தட்டிப் பார்த்தல்

மரப்பிடியாலோ நாணயத்தாலோ ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் என்றால் ஒட்டியிருக்கிறது. டொம் டொம் என்று வந்தால் அடியில் காலி. காலியான டைல்ஸில் எல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். நாம் நுழையப்போகும் கதவு அதுதான்.

மாவு மாதிரிச் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டின டைல்ஸ், பிடிப்பு விட்டால் முழுசாகவே எழும்பி வரும். அப்படி வந்த ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: முதுகில் இருக்கும் கட்டம் கட்டமான வரிகள் சுத்தமாக இருக்கும், கலவைமேல் அதே கட்டங்கள் பதிந்திருக்கும். டைல்ஸின் முதுகில் பால் சரியாகப் பிடிக்கவே இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். டைல்ஸ் பசை, அதாவது அடேசிவ் போட்டு ஒட்டினது அப்படி வராது. துண்டு துண்டாகத்தான் வரும், நேரமும் இரண்டு மடங்கு ஆகும். ஆனால் பசை சில மில்லிமீட்டர் கனம்தான் என்பதால் டைல்ஸோடு நிறுத்திக்கொள்ள வசதி. கலவை விரித்துப் போட்டதில்தான் உளி எங்கே நிற்க வேண்டும் என்பது கைக்குத் தெரியாமல் போகும்.

கருவிகள்

நான்கு அங்குல கிரைண்டரும் டைமண்ட் பிளேடும், ஒரு கிலோ சுத்தியல், ஓரங்குல அகலமுள்ள பட்டை உளி, அதைவிட அகலமான இன்னோர் உளி, கொத்துக் கரண்டி, தூரிகை, சாக்கு. மெஷின் வேண்டுமென்றால் இரண்டு கிலோ எடையுள்ள ரோட்டரி ஹாமர் போதும். சுழலாமல் அடிக்க மட்டும் செய்யும் நிலையில் வைத்து, பட்டை உளி மாட்டிக்கொள்ளுங்கள். கான்கிரீட் உடைக்கும் பெரிய பிரேக்கரை இந்த வேலைக்கு வாடகைக்கு எடுக்காதீர்கள். அதன் அடி டைல்ஸில் விழுந்தாலும் அதிர்வு கலவை முழுக்கப் பரவி, நீங்கள் தொடாத இடத்தில் இருக்கும் குழாய் மூட்டைக்கூட அசைத்துவிடும்.

கண்ணாடி, கையுறை, மூடிய செருப்பு கட்டாயம். முகத்துக்குத் துண்டு கட்டிக்கொண்டு நிற்பதைத்தான் எல்லா சைட்டிலும் பார்க்கிறோம். டைல்ஸிலும் கலவையிலும் இருக்கும் சிலிக்கா தூள் துண்டு இழை வழியாக உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். தங்கினது திரும்ப வராது. என்-95 மாஸ்க் வாங்கி மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் கொடுங்கள். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய மரியாதை அது. பெயர்க்கும் இடத்தில் அவ்வப்போது ஈரத் துணியால் ஒற்றினால் தூசி அடங்கும்.

முதல் டைல்ஸ்

குழாய்க் கோட்டுக்கு ஆகத் தொலைவில் இருக்கும், காலிச் சத்தம் வந்த டைல்ஸைத் தேர்ந்தெடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வாசற்படி ஓரத்தில் தொடங்குங்கள். அங்கே ஒரு பக்கம் திறந்திருக்கும்.

அந்த டைல்ஸைச் சுற்றியுள்ள இணைப்பு இடுக்குகளை கிரைண்டரால் அறுங்கள். பாத்ரூம் டைல்ஸின் கனம் ஏழெட்டு மில்லிமீட்டர்தான். நான்கு அங்குல பிளேடு இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்கும். இந்த வித்தியாசத்தில்தான் குழாய்கள் அறுபடுகின்றன. பிளேடில் ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு மார்க்கரால் வட்டம் போட்டு ஆழத்தைப் பழகிக்கொள்ளலாம். ஆழம் கட்டுப்படுத்தும் கார்டு மாட்டினால் இன்னும் நல்லது. குழாய்க் கோட்டுக்குள் கிரைண்டரே வேண்டாம்.

இடுக்குகளை அறுத்த பிறகு டைல்ஸின் நடுவில் சுத்தியலால் அடித்து உடையுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துண்டுகளை எடுங்கள். அடுத்த டைல்ஸின் விளிம்பு இப்போது தெரியும். இனி எதையும் மேலிருந்து அடிக்க வேண்டியதில்லை.

வரிசையாகப் பெயர்த்தல்

உளியைச் செங்குத்தாக நிறுத்தினால் அடி முழுக்கக் கீழே போகும். படுக்கவைத்தால் டைல்ஸுக்கும் கலவைக்கும் நடுவே போகும். தரையோடு முப்பது டிகிரி அல்லது அதற்கும் தாழ்வாகப் பிடித்து, டைல்ஸின் முதுகுக்கு அடியில் உளி முனையைச் செலுத்துங்கள். சின்ன அடி, நிறைய அடி. மெஷின் என்றாலும் இதே கோணம்தான். மேலே சாய்ந்து அழுத்தாதீர்கள், மெஷினின் எடையே போதும். ஒரு டைல்ஸ் வர மறுத்தால் அதே இடத்தில் அடித்துக்கொண்டே இருக்காமல் பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள்.

போகும் திசை எப்போதும் குழாய்க்கு இணையாக இருக்கட்டும். குழாயை நோக்கி உளி பாய்கிற மாதிரி நிற்காதீர்கள். கை வழுக்கினால் முனை எங்கே போய் முடியும் என்பதுதான் கணக்கு.

பெயர்த்ததை அங்கங்கே குவிக்கக் கூடாது. ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூமில் டைல்ஸ் மட்டும் ஐம்பது அறுபது கிலோ இருக்கும். கலவையையும் சேர்த்து எடுத்தால் 300 கிலோவைத் தாண்டும். சிமெண்ட் சாக்கில் பாதி மட்டும் நிரப்பி உடனுக்குடன் வெளியேற்றுங்கள்.

கோட்டுக்குள் நுழையும்போது

மேஸ்திரியிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, இந்தக் கோட்டுக்குள்ள மெஷின் வேணாம், கையாலதான் எடுக்கணும்.” நேரம் கூடும் என்பதால் கூலியையும் அதற்கேற்பப் பேசிவிடுங்கள். காண்ட்ராக்டாக மொத்தமாகப் பேசினால் அவசரம் வரும்; அவசரத்தில் உளி நிமிரும். இந்தப் பகுதிக்கு நாள் கூலிதான் சரி.

எட்டு அங்குலப் பட்டைக்கு இரண்டு பக்கமும் டைல்ஸ் போய்விட்டதால் இப்போது இரு ஓரமும் திறந்திருக்கும். பட்டை உளியை ஓரத்திலிருந்து டைல்ஸுக்கு அடியில் கிட்டத்தட்டப் படுக்கையாகச் செலுத்தி, அடிப்பதைவிட நெம்புவதைக் கூட்டுங்கள். உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வந்தால் போதும். கலவை உடைந்து மஞ்சள் நிறம் தெரிந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தூரிகையால் கூட்டிப் பாருங்கள். குழாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் கலவையைச் சுரண்டிச் சுத்தம் செய்யத் தோன்றும். வேண்டாம். அது கெட்டியாக இருந்தால் அதுதான் குழாயின் கவசம்.

இதே கேள்வி மொத்தத் தரைக்கும் வரும்: பழைய கலவையையும் எடுப்பதா, விடுவதா? மேஸ்திரிகள் பலரும் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார்கள். என் கருத்து, தட்டினால் கெட்டிச் சத்தம் வருகிற கலவையை விட்டுவிட்டு, மேடு தட்டி, அதன்மேல் அடேசிவ் போட்டுப் புது டைல்ஸ் ஒட்டுவதே மேல். பொடியாகும் கலவையை மட்டும் எடுங்கள். மாடி பாத்ரூமில் ஈரம் ஊறிப்போய் வாட்டர்ப்ரூஃபே போய்விட்டது என்றால் எல்லாவற்றையும் எடுப்பதைத் தவிர வழியில்லை. அப்போது குழாயையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

அடி பட்டுவிட்டால்

முள் சரிந்தால் வேலையை நிறுத்தி அழுத்தத்தை இறக்குங்கள். சிபிவிசியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தாலும், ஒழுகாவிட்டாலும், அது காயம்தான். எம்சீல் பூசி மூடுவது தற்காலிகத்துக்குக்கூடச் சரிவராது. வெந்நீர் ஓடி ஆறி ஓடி ஆறி அது கழன்றுவிடும். காயத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கலவையைக் கையால் எடுத்து, அந்தத் துண்டை வெட்டி நீக்கி, சிபிவிசிக்கான சால்வெண்ட் போட்டு இரண்டு கப்ளரோடு புதுத் துண்டை இணைக்க வேண்டும். குழாய் முனை ஈரமாக இருந்தால் சால்வெண்ட் பிடிக்காது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காத்திருந்து, பிறகு மறுபடி கேஜ் சோதனை.

மூடுவதற்கு முன்

சூடேறினால் குழாய் நீளும். மூன்று மீட்டர் சிபிவிசி 30 டிகிரி சூடேறினால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும். புதிதாகப் போடும் துண்டுக்கு ஃபோம் உறை மாட்டினால் அது நகர இடம் கிடைக்கும், சூடும் வீணாகாது. வாட்டர்ப்ரூஃப் பூசிக் காய்ந்ததும், தரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். டைல்ஸுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வையுங்கள், சுவரோரம் சிறு இடைவெளி விடுங்கள். முட்ட முட்டப் போட்ட டைல்ஸ் வெயில் காலத்தில் ஒன்றையொன்று நெருக்கி எழும்பும். குழாயைப் போட்டோ எடுக்க மறந்துவிடாதீர்கள். அளவுநாடாவை விரித்துவைத்து எடுத்தால் இன்னும் பயன்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு

ஆஸ்லோவிலோ டொராண்டோவிலோ லண்டனிலோ வீடு வாங்கியவர்களுக்கு இதே வேலை இன்னும் கடினமாக வரும். அங்கே தரையையே சூடாக்குகிறார்கள். அது இரண்டு வகை. ஒன்று, சுமார் 16 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய்களில் வெந்நீர் ஓட விடுவது. அவை தரைக் கலவைக்குள் ஆழமாகப் புதைந்திருப்பதால், படுக்கையான உளியால் டைல்ஸை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். மேலே சொன்ன கேஜ் முறை அப்படியே பொருந்தும்.

இன்னொன்று மின்கம்பி வலை. அது டைல்ஸ் பசைக்குள்ளேயே, சில மில்லிமீட்டர் அடியில் இருக்கும். வெறும் பசையில் பதித்திருந்தால் டைல்ஸோடு கம்பியும் வந்துவிடும் என்று நினைத்தே செலவைக் கணக்கிடுங்கள். அதன்மேல் தனியாகச் சமன்செய்யும் கலவை ஊற்றியிருந்தால் மட்டும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துக் கரண்டைத் துண்டித்து, கம்பியின் ஓம் அளவைப் பொருத்தியபோது கொடுத்த அட்டையில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இன்சுலேஷனையும் மெக்கரால் பார்க்க வேண்டும். பெயர்ப்பதற்கு முன் ஒருமுறை, பெயர்த்த பின் ஒருமுறை, புது டைல்ஸ் போட்ட பின் ஒருமுறை. தரையின் சூட்டை அளக்கும் சென்சார் வயர் தனியாக ஒரு குழாயில் போகும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பசை முழுசாகக் காய, பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்குவரை ஹீட்டரைப் போடக் கூடாது. அதன்பின் ஒரேயடியாக ஏற்றாமல் நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். நம் வீட்டு பாத்ரூமிலும் இதே பத்தியம்தான்: கிரௌட் காயும்வரை வெந்நீரைத் திறக்காமல், முதல் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான நீரோடு தொடங்குங்கள்.